மாமா போட்ட ஆயில் சீல்

கார் இன்ஜினைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன வந்தது என்று சிரிக்காதீர்கள். நம் வயதுக்காரர்கள் சந்தித்தால் என்ன பேசுகிறோம்? முட்டிவலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகள் தமிழ் பேசாதது, போன மாதம் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பது. அதையெல்லாம் பேசி முடித்தாயிற்று. எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. நாற்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதே எனக்குச் சென்ற வருடம்தான் தெரிந்தது.

சென்ற வருடம் என் கார் நிற்கும் இடத்தில் கறுப்புக் கறுப்பாகத் துளிகள். ஆங் மோ கியோவில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே பழுது பார்க்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் விட்டேன். என் மகன் வயதுத் தமிழ்ப் பையன்தான் மெக்கானிக். காரைத் தூக்கி நிறுத்தி, கீழே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"பின்பக்க ஆயில் சீல் ஒழுகுது ஆன்ட்டி, ஆயில் வெளிய வராம பிடிக்கற ரப்பர் வளையம். புது சீல் போடலாம். ஆனா அத மட்டும் மாத்தினா வேஸ்ட். திரும்ப ஒழுகும்."

"ஏன்?"

"இன்ஜின் மூச்சு விட முடியல ஆன்ட்டி. உள்ள பெட்ரோல் எரியுதுல்ல, அந்தப் புகையில கொஞ்சம் பிஸ்டன் இடுக்கு வழியா கீழ ஆயில் இருக்கற எடத்துக்கு இறங்கிடும். அது வெளிய போகணும். அதுக்குத்தான் ஒரு வால்வு, ஒரு ஹோஸ். உங்க வண்டியில அது அடைச்சுக்கிச்சு. புகை போக வழியில்லன்னா உள்ள பிரஷர் ஏறும், எங்க வீக்கா இருக்கோ அங்க ஆயிலத் தள்ளும். எவ்ளோ நல்ல சீல் போட்டாலும் தள்ளும். வண்டியும் முன்ன மாதிரி இழுக்காது."

அவன் அந்தக் குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தான். பெருவிரல் தடிமனில் கறுப்பு ரப்பர் குழாய். ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். பையன் பயந்துபோய், "அய்யோ ஆன்ட்டி, சின்ன வேலதான் லா, டென்ஷன் ஆவாதீங்க," என்று தண்ணீர் கொண்டுவந்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் குழாயில் நான் ஒரு மனிதரைக் கொன்று வைத்திருந்தேன். உயிரோடுதான் இருக்கிறார், ஊரின் இன்னொரு கோடியில், புக்கிட் பாஞ்சாங்கில். ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது பதினோரு வயது, தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பு. அப்பா துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. எங்கள் புளோக்கில் தமிழர் வீடுகள் ஏழு. அதில் கார் வாங்கிய முதல் ஆள் அப்பாதான். பழைய ஜப்பான் கார், பாசிப்பச்சை நிறம். வெயிலில் நின்றால் சீட்டு உறையிலிருந்து செருப்புக்கடை வாசனை வரும். பின் சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் தொடையில் தையல் வரி பதிந்திருக்கும்.

அந்தக் காரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. ஃபேரர் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில் சீன முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். இருபத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்ததும் கழுவுதொட்டியில் துணி சோப்புத்தூளைக் கொட்டி முழங்கை வரை தேய்ப்பார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. "இது பொறந்ததுலேந்தே இருக்கு பாப்பா," என்பார். நான் நம்பினேன்.

முதலாளி ஒர்க்‌ஷாப்பில் யாரையும் புகழ மாட்டார். ஆனால் இன்ஜின் வேலை என்றால், வாடிக்கையாளர்கள் வேறு யார் தொடவும் விடாமல் மாமாவைத்தான் கேட்பார்களாம். அம்மா இதைக் காய்கறிக் கடையில்கூடச் சொல்லிக்கொள்வாள். "என் தம்பி சத்தத்தக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிடுவான்." சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகள் இருவரும். அவளுக்குத் தம்பியின் கை என்றால் அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. மாமா எட்டாவதோடு நின்றவர். அப்பா ஆங்கிலப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். காரை முதல் நாள் கோயிலுக்குக் கொண்டுபோய், அர்ச்சகர் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா நசுக்கி ஓட்டிவிட்டு இறங்கியதும் மாமா சொன்னார்:

"அத்தான், இன்ஜின் கொஞ்சம் பழசு. பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. லேசா நீலப் புகை வரும், பயப்படாதீங்க. ரெண்டு வருஷம் ஓடும். நீங்க மட்டும் உள்ள கை வச்சிடாதீங்க, எதுனாலும் எங்கிட்ட சொல்லுங்க."

கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "எனக்கே கிளாஸ் எடுக்கறான் உன் தம்பி," என்றார் அம்மாவிடம்.

நீலப் புகை வந்தது. சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் பின்னால் ஒரு சின்ன மேகம். கார் வாங்கியதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. எதிர் வீட்டுக்காரர் அப்பாவிடம், "என்ன சார், கொசு மருந்து அடிச்சிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். அதோடு இன்ஸ்பெக்‌ஷனும் வந்தது. பழைய காரெல்லாம் சோதனைக்குப் போய், புகையில்லாமல் தேறிவர வேண்டும். மாமாவிடம் சொன்னால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்பார். அப்பா ஒரு மாதம் கார் இல்லாமல் பஸ்ஸில் போக வேண்டும். அப்பா காப்பிக்கடையில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்ஸிக்காரரிடம் கேட்டார். அந்த மகானுபாவர் வழி சொன்னார். இன்ஜின் தலையிலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு குழாய் போகிறது, அது வழியாகத்தான் ஆயில் ஆவி உள்ளே போய் எரிந்து புகைகிறது, அதை அடைத்துவிடு, புகை நின்றுபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் அப்பா என்னைக் கீழே கூட்டிப்போனார். குழாய் இன்ஜினுக்குப் பின்பக்கம், நெருக்கமான இடத்தில் இருந்தது. அப்பாவின் கை நுழையவில்லை. அவர் கிளிப்பைத் தளர்த்தினார். நான் பம்பர்மேல் வயிறு வைத்துப் படுத்து, கையை விட்டு, குழாயைத் திருகி இழுத்தேன். அடைப்பதற்கு என் மடக்கு மேசையின் கால் ரப்பர். அப்பா பிளேடால் செதுக்கிக் கொண்டுவந்திருந்தார். விரலால் அதைக் குழாய்க்குள் தள்ளினேன். குழாயை மறுபடி மாட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"கெட்டிக்காரி," என்றார் அப்பா. அப்பா அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. அன்று முழுக்க என் விரலை மோந்து மோந்து பார்த்துக்கொண்டேன். கருகின எண்ணெய் வாசனை, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. மேசை அதற்கப்புறம் ஒரு காலை நொண்டியது. காகிதத்தை மடித்து வைத்து எழுதினேன்.

புகை நின்றது. கார் சோதனையில் தேறியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரத்தில் கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்.

அப்பா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மாமா வந்து குனிந்து பார்த்து, "பின் சீல் போயிடுச்சு அத்தான். ஞாயித்துக்கெழம கொண்டாங்க," என்றார். அந்தச் சீலைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க முதுகில் படுத்துச் செய்யும் வேலை.

ஞாயிறு காலை புறப்படும் முன் அப்பா என்னைக் கூப்பிட்டார். "அத எடுத்துடு." நான் ரப்பரை எடுத்தேன். பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கை வைக்காதீர்கள் என்று மாமா சொன்னதை மீறிக் கை வைத்திருக்கிறோம், மாமா பார்த்தால் அப்பாவுக்கு அசிங்கம். அது பதினோரு வயதுக்குப் புரியாதா என்ன? மாமா நாள் முழுக்க உழைத்துப் புது சீல் போட்டார். மாலையில் வீட்டுக்கு வந்ததும், "திரும்பப் போட்டுடு," என்றார் அப்பா. போட்டேன்.

மூன்று வாரம். மறுபடி எண்ணெய்.

இரண்டாவது தடவை மாமா சிரிக்கவில்லை. பழைய சீலை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு இன்ஜின் பக்கம் போய் அந்தக் குழாயைக் கழற்றினார். நான் அப்பாவின் பக்கம் ஒதுங்கினேன். மாமா குழாயை வாயில் வைத்து ஊதினார். மறுபக்கம் காற்று புஸ்ஸென்று வந்தது. ரப்பர்தான் அப்பாவின் பாக்கெட்டில் இருக்கிறதே! மாமா எண்ணெயைத் துப்பிவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்பாடா, கண்டுபிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். அவர் ஏன் சரியாக அந்தக் குழாயை எடுத்து ஊதினார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. போன வருடம் அந்த மெக்கானிக் பையன் குழாயைக் கையில் கொடுத்தபோதுதான் தோன்றியது. மனுஷன் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார். எட்டாவது படித்தவர், யாரும் சொல்லாமல், நேராக அங்கேதான் போயிருக்கிறார். நாங்கள் அவர் வருமுன் துடைத்து வைத்துவிட்டோம்.

மூன்றாவது சீல் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போட்டார். முந்தின நாள் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. அதனால் ஞாயிறு மதியம் அம்மா கோழிக் குழம்பைத் தூக்குச்சட்டியில் போட்டு ஒர்க்‌ஷாப்புக்கே எடுத்துப்போனாள். நானும் கூடப் போனேன். மாமா காருக்கு அடியிலிருந்து கால் மட்டும் தெரியப் படுத்திருந்தார். "அக்கா, எனக்கே புரியல லா. கண்ண மூடிட்டுப் போடற வேல. என்ன தப்பு செய்றேன்னு தெரியல," என்றது குரல். அம்மா குனிந்து, "திருஷ்டிதான்டா. கார் வாங்கினதுலேந்து எல்லாக் கண்ணும் நம்ம மேல," என்றாள். அம்மா அன்று மாலையே காருக்குச் சுற்றிப் போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். வீடு திரும்பியதும் நான் ரப்பரைப் போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின மாலை. சிராங்கூன் சாலையில் விளக்குத் தோரணம். காரிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அம்மாவுக்குக் காஞ்சிபுரம், எனக்குப் பாவாடை சட்டை. எம்ஆர்டி ரயிலெல்லாம் அப்போது வரவில்லை. பஸ்ஸும் காரும் ஆளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகர்ந்தன. மல்லிகைச் சரம், வறுத்த கச்சான் கடலை, புதுத்துணி, வேர்வை எல்லாம் கண்ணாடி வழியாக வந்தன. அப்பா கையை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டினார். தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டுமே.

பூக்கடைகளுக்கு முன்னால் நின்றோம். முன்பக்க மூடியிலிருந்து வெள்ளைப் புகை. முதலில் சாம்பிராணி என்று நினைத்தேன். பிறகு கருகல் வாசனை காருக்குள் வந்தது. ஆயில் சூடான குழாயில் சொட்டி எரிகிறது. பக்கத்து பஸ்ஸிலிருந்து யாரோ, "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினார்கள். ஜனம் விலகி ஓடியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாள். சேலை கதவில் மாட்டிக் கிழிந்தது. நெருப்பெல்லாம் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பூக்கடைக்காரர் வாளித் தண்ணீரைக் காரின்மேல் ஊற்றிவிட்டார். இளைஞர்கள் கைதட்டினார்கள். காரைத் தள்ளி ஓரம் கட்டினோம். கூட்டத்தில் எதிர் வீட்டுக்காரரும் குடும்பத்தோடு நின்றிருந்தார். அவர் மனைவியின் காதில் என்னவோ சொன்னார். அப்பாவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தீபாவளி முடிந்த மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். காரை அதற்குள் இழுவை லாரி அங்கே கொண்டுபோய்விட்டது. ரப்பரை நான் முந்தின நாளே, லாரி வருமுன், ஓரம் கட்டிய இடத்திலேயே எடுத்துவிட்டேன். சொல்ல வேண்டியதே இல்லை, எனக்குப் பழகிவிட்டது. நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அப்பா உள்ளே நுழைந்ததும் உரக்க ஆரம்பித்துவிட்டார்.

"மூணு தடவ! ஒரு சீல் போடத் தெரியல இவனுக்கு! என் பொண்டாட்டி பிள்ளைய எரிச்சுக் கொன்னிருப்பான்!"

முதலாளி, கிழட்டுச் சீனர், பனியனோடு வெளியே வந்தார். மாமா கையில் துணியோடு நின்றார். முதலாளி அப்பாவைக் கேட்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தார். பிறகு மலாயில், "சியாப்பா பெகாங்?" என்றார். வேறு யார் கை வைத்தது என்று.

மாமா அப்பா பக்கம் திரும்பினார். குரல் தணிவாகத்தான் இருந்தது. "அத்தான், கோவிச்சுக்காதீங்க. நீங்க எதையாச்சும் கழட்டி மாட்டினீங்களா?"

"நான் ஏன்டா கை வைக்கறேன்? எனக்கு வேற வேல இல்லயா?"

மாமா என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தாரோ. என் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். கிட்டே வந்து குனிந்தார். "பாப்பா. நீ சொல்லு. அப்பா இன்ஜின்ல ஏதாச்சும் செஞ்சாரா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் பக்கம் பார்க்கவேயில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை மிரட்டியிருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். மிரட்டவில்லை. கெட்டிக்காரி என்று சொன்ன வாய் அது. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல மாமா," என்றேன்.

மாமா நிமிர்ந்தார். முதலாளியிடம் மலாயில், "சாயா சாலா, தவுக்கே," என்றார். தப்பு என்மேல்தான் முதலாளி என்று. முதலாளி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மாமாவுக்கு டயர் வேலை.

அப்பா காரை வேறொரு ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றினார். அவர்கள் சீல் போட்டுக் கொடுத்த அன்று மாலை, "போட்டுடு," என்று ரப்பரை நீட்டினார். வாங்கினேன். என்னால் அதை உள்ளே தள்ள முடியவில்லை. மாமா குனிந்து கேட்ட முகம் வந்து வந்து நின்றது. அப்பா கிளிப்பைத் தளர்த்திவிட்டு நகர்ந்ததும் வெறும் குழாயை மாட்டினேன். ரப்பரைப் பின்பக்கப் பெரிய சாக்கடையில் எறிந்தேன். "போட்டாச்சுப்பா," என்றேன். எனக்குத் தெரிந்த அளவில் அதுதான் என் பிராயச்சித்தம்.

விளைவைக் கேளுங்கள். அந்தச் சீல் ஒழுகவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருடம். ஒரு சொட்டுக் கிடையாது. லேசாகப் புகை திரும்பி வந்தது. அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. அடைத்துதான் இருக்கிறது, இருந்தும் ஒழுகவில்லை என்றே கடைசிவரை நம்பினார். "பாத்தியா? கை சுத்தமா இருந்தா ஒரே தடவதான்," என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அம்மாவும் கேட்டாள். மாமாவின் காதுக்கும் போயிற்று. அதே கார், அதே சீல், வேறு கை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மாமா அடுத்த வருடக் கடைசியில் ஒர்க்‌ஷாப்பை விட்டார். லாரி ஓட்டினார், பிறகு பள்ளிக்கூட பஸ். கல்யாணம் செய்துகொண்டு புக்கிட் பாஞ்சாங் பக்கம் போனார். சனிக்கிழமைச் சாப்பாடு நின்றது. பஸ் நடுவழியில் நின்றால்கூட அவர் மூடியைத் திறக்க மாட்டாராம். கீழே இறங்கி நின்று மெக்கானிக்குக்குப் போன் செய்வாராம். அத்தை ஒரு கல்யாணத்தில் இதை வேடிக்கையாகச் சொன்னாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மாமாவுக்கு இன்ஜின் அலுத்துவிட்டது என்றுதான் எண்ணினேன். நான் சொன்ன பொய் சின்னப் பொய், அப்பாவின் மானத்துக்காகச் சொன்னது. சீல் ஒழுகியது வேறு விஷயம். இரண்டையும் முடிச்சுப்போட எனக்குத் தெரியவில்லை. அப்பா போனார், அப்புறம் அம்மாவும் போனாள்.

அந்த மெக்கானிக் பையனிடம் காரை விட்டுவிட்டு அன்றே டாக்ஸி பிடித்துப் புக்கிட் பாஞ்சாங் போனேன். மாமாவுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "வா பாப்பா, என்ன சொல்லாம கொள்ளாம," என்றார். அத்தை தேநீர் கொண்டுவந்தாள். நான் அதைத் தொடாமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்ஸிக்காரர், மேசைக் கால் ரப்பர், ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தது, போட்டது, சாக்கடை. அழுதுகொண்டுதான் சொன்னேன்.

மாமா டிவியை அணைத்தார்.

"எந்த ஹோஸ்? பின்னாடி, பில்டருக்குப் போகுமே, அதா?"

"ஆமா மாமா."

"எவ்ளோ உள்ள தள்ளுவ?"

விரலில் காட்டினேன்.

"எங்கிட்ட கொண்டுவர்றதுக்கு முன்ன எடுத்துடுவீங்க."

"ஆமா மாமா."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். மடியில் கிடந்த கை மட்டும் எதையோ பிடித்துத் திருகி, விளிம்பைத் தடவி, தட்டி உட்கார வைத்தது. இரண்டு தடவை செய்தது. பிறகு அத்தையைப் பார்த்துத் திரும்பினார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்!

"கேட்டியா? மூணு தடவையும் சரியாத்தான் போட்டிருக்கேன். ஒழுங்காத்தான் போட்டிருக்கேன்!"

"ஆமாங்க, ஆமா," என்றாள் அத்தை. அவளுக்குப் பாதிகூடப் புரியவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும், பிரஷர்தான்னு. ஊதிப் பாத்தேனே! ஊதிப் பாத்தேன்ல பாப்பா?"

"பாத்தீங்க மாமா. மன்னிச்சிடுங்க மாமா. நான் சொல்லியிருக்கணும்."

நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அந்தச் சந்தோஷம் முகத்தில் இருக்கும்போதே வாய் கோணியது. வேறு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. அணைத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் போனேன்ல," என்றார். "நீ கீழ சாப்பாடு வாங்கப் போயிருந்த. எங்கையப் பிடிச்சுகிட்டு சொன்னுச்சு. 'தம்பி, அத மனசுல வச்சுக்காதடா. உன் கை அப்ப தவறிடுச்சு. எல்லாருக்கும் தவறும். நான் உன்ன மன்னிச்சிட்டேன்'னு."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா பாப்பா?" மாமா என் பக்கம் திரும்பினார். "'ஆமாக்கா, தப்புதான்'னேன். கால்ல விழுந்தேன்."